நாடகமும் சமாளிப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வார இறுதிகளில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறேன். சம்பளம் கிடையாது. எனக்கு இரண்டே காட்சி. போன முறை மேடையில் நான் வாசிக்க வேண்டிய கடிதம் காணாமல் போய்விட்டது. வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளித்தேன், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் இயக்குநர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். காசு வாங்காத வேலைக்கு இவ்வளவு கறார் தேவையா? விலகிவிடலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

சம்பளம் தனிக்கதை, இப்போது வேண்டாம். எல்லோர் முன்னாலும் திட்டியது தப்பு. 1918-இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய நாடக சபாவில், பின்னாளில் பெரிய நடிகரான தி.க. சண்முகம் சேர்ந்தபோது சின்னப் பையன். அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த கம்பெனிகளில் அதட்டலும் அடியும் இருந்தன. வளர்ந்தவர்களிடம் அது செல்லாது. உங்களுக்கு வலித்திருக்கும்.

ஆனால் ‘சமாளித்தேன்’ என்று இவ்வளவு பெருமையாக எழுதலாமா? கொஞ்ச நாளாகவே இந்தச் சமாளிப்புப் பெருமை என்னை உறுத்துகிறது. அந்தக் கடிதத்தின் கடைசி வார்த்தைதான் லைட் ஆபரேட்டருக்கு க்யூவாக, அதாவது வெளிச்சத்தை மாற்றச் சொல்லும் சைகையாக இருந்திருக்கும். மேடையில் நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் தவித்திருப்பார். எதிர் விங்ஸில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், நுழையக் காத்திருந்தவரும்தான். கைதட்டல் உங்களுக்கு, வியர்வை அவர்களுக்கு.

மேடையில் பயன்படுத்தும் பொருள்களுக்கென்று ஒரு மேசை போட்டிருந்தால் இது நடந்திருக்காது. விங்ஸை ஒட்டி, யார் காலிலும் இடறாத இடத்தில் போடுங்கள். வெள்ளைச் சார்ட் ஒட்டி, ஒவ்வொரு பொருளையும் வைத்து மார்க்கரால் சுற்றிக் கோடு போடுங்கள். கட்டத்துக்குள் பொருளின் பெயர், காட்சி எண், எடுப்பவர் பெயர். காலிக் கட்டம் மேடைக்குப் பின்னாலுள்ள மங்கலான நீல வெளிச்சத்திலும் கண்ணில் படும். நாடகம் தொடங்க அரைமணி முன்பு ஒருவர் பட்டியலோடு சரிபார்க்க வேண்டும், இடைவேளையில் மறுபடியும். டீ டம்ளர், செல்போன் எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது. அடுத்தவர் பொருளை விளையாட்டுக்குக்கூடத் தொடக்கூடாது.

வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேறுகிறவர் கையிலிருப்பதை அங்கேயே எங்காவது போட்டுவிடுவார். அதை யார் பின்பக்கமாகச் சுற்றி எடுத்து வருவது என்று ரிகர்சலிலேயே முடிவாக வேண்டும். இன்னொரு எமன் சட்டைப்பை. இரண்டாம் காட்சியில் பைக்குள் போன கடிதம், உடை மாற்றும்போது பழைய சட்டையோடு போய்விடும். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

தெருக்கூத்துக் கலைஞர்களைப் பாருங்கள். விடிய விடிய ஆடிக் களைத்த உடம்போடு கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பெட்டியில் அடுக்கிவிட்டுத்தான் படுப்பார்கள். அன்றைக்கு ராத்திரியே அடுத்த ஊரில் ஆட்டம் இருக்கும்.

கடிதத்தை இரண்டு பிரதி எழுதுங்கள், வசனம் முழுவதும் உள்ளே இருக்கட்டும். ஒன்று மேசைக்கு, ஒன்று ஸ்டேஜ் மேனேஜர் கைக்கு. விலகுவதா வேண்டாமா என்பதை அடுத்த மேடையேற்றம் முடிந்து எழுதுங்கள். அதற்கு முன்னால் அந்த லைட் ஆபரேட்டரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.