நீங்கள் வராத வாரம் உங்களைத் தேடுகிற இடம்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் வாழும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர்.

கேள்வி: அக்கா, வணக்கம். மதுரையிலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. நிரந்தர வசிப்புரிமையும் கிடைத்துவிட்டது. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பகல் முழுதும் வீட்டில் தனியாக இருக்கிறேன். போன மண்டேலா தினத்தன்று கணவரின் அலுவலகத்துக்காரர்களோடு ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ச் சுவருக்கு வண்ணம் அடித்தோம். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். முந்தின வருடமும் அதே சுவருக்கு வேறு யாரோ வந்து வண்ணம் அடித்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. உண்மையாகவே ஒருவருக்குப் பயன்படும்படி ஏதாவது செய்ய வேண்டும். எனக்கு ஜூலு மொழி தெரியாது, ஆங்கிலம் சுமார், கார் ஓட்டவும் தெரியாது. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, டர்பன்

பதில்: தங்கச்சி, மனசு ஆறவில்லை என்று எழுதினீர்களே, அதை அப்படியே வைத்திருங்கள். அவசரப்பட்டு ஆற்றிக்கொள்ள வேண்டாம்.

மண்டேலா தினத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மடிபா, அதாவது மண்டேலா, 67 வருடம் பொதுவாழ்வில் உழைத்தார் என்பதற்காக ஜூலை 18ஆம் தேதி ஆளுக்கு 67 நிமிடம் பிறருக்குக் கொடுப்பது நல்ல வழக்கம். பலருக்கு முதல் அடியே அதுதான். ஆனால் அன்றைக்கு ஒரே சுவருக்கு இருபது பேர் வருகிறார்கள். ஆகஸ்டில் அதே இல்லத்தில் பிள்ளைகளின் துணியை மடித்து வைக்க ஆள் இருக்காது.

நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். 34 வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை 200 பேருக்கு வெஜிடபிள் பிரியாணி செய்து, பக்கத்துத் தகரக் குடிசைப் பகுதிக்குக் கொண்டுபோனேன். எங்களுக்கு முன்னால் இரண்டு குழுக்கள் வந்து போயிருந்தன. பிள்ளைகள் வயிறு நிறைந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சோறு பாதிக்கு மேல் மிச்சம். அங்கே ஒரு கோகோ, ஜூலுக்காரர்கள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு, “புதன்கிழமை வாம்மா, புதன்கிழமை யாரும் வருவதில்லை” என்றார். எங்கள் ஐந்து பேரில் ஒருத்திக்குக்கூட முதலில் அவரிடம் போய்க் கேட்கத் தோன்றவில்லை. அதிலிருந்து எங்கே போனாலும் என் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு உங்களுக்குக் கை போதவில்லை?”

இனி உங்கள் விஷயம். தெரியாததையெல்லாம் வரிசையாக எழுதினீர்கள். தெரிந்ததை எழுதவே இல்லை. உங்களுக்குத் தமிழ் தெரியும். இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்குமாக 152,184 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துப் பேச்சு எங்கள் ஆயாமார், அதாவது பாட்டிமார், வாயில் அப்படியே இருந்தது. என் தலைமுறையில் பாதியாயிற்று. என் பிள்ளைகளுக்குச் சில சொற்களும் தேவாரத்தில் இரண்டு பாட்டும்தான் தெரியும். நாட்டின் அரசியல் சாசனத்தில் மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழ் பேர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் பேச ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் ஆயா இருந்தார். வயது தொண்ணூறு தாண்டியிருந்தது. டர்பன் நகரசபைத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். அறுபதுகளில் அங்கிருந்த குடும்பங்களைக் கிளப்பி இங்கே சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தபோது அவரும் வந்தார். ஆங்கிலம் நன்றாகவே பேசியவர்தான். மறதி நோய் வந்ததும் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் போயிற்று. இது பலருக்கும் நடக்கிறது: கடைசியாக வந்த மொழி முதலில் உதிரும், தாய் சொன்ன மொழி மிஞ்சும். அந்த ஆயாவிடம் மிஞ்சியது தமிழ். அந்த மாடியில் யாருக்கும் தமிழ் தெரியாது.

நான் வேறொருவரைப் பார்க்கப் போயிருந்தேன். குளியலறையிலிருந்து “சுடுது, சுடுது” என்று சத்தம் வந்தது. உள்ளே ஒரு ஜூலுப் பெண் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தங்கமான பெண், மெதுவாகத்தான் தண்ணீர் ஊற்றினாள். ஆயா யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, “அவங்க வந்துருவாங்க, வந்துருவாங்க” என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று “குயாஷிசா” என்று சொன்னேன். ஜூலுவில் சுடுகிறது என்று பொருள். அவள் கையை வைத்துப் பார்த்தாள். கொதிக்கிற தண்ணீர் இல்லை, ஆனால் காகிதம் போல் மெலிந்த தோலுக்கு அதுவே சூடு. அந்தப் பெண் அழுதுவிட்டாள். எத்தனை நாள் இப்படிக் குளிப்பாட்டினேனோ என்று.

மறுவாரம் ஓர் அட்டை எழுதி, மேட்ரனிடம் அனுமதி கேட்டுக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். இருபது சொற்கள். தண்ணி, பசி, வலி, குளுரு, சுடுது, போதும், ஒண்ணுக்கு, தலகாணி, இப்படி. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, எதிரே ஜூலுவில் பொருள். ஜூலுப் பகுதியை அந்தப் பெண்ணே எழுதிக் கொடுத்தாள். எனக்கு அவள் சொல்லித்தந்த ஜூலு, ஆஸ்பத்திரியில் இத்தனை வருடத்தில் கற்றதைவிட அதிகம்.

அதன் பிறகு வியாழக்கிழமை தோறும் மூன்று மணிக்குப் போனேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. தலை வாரிவிடுவேன். “என்ன கறி?” என்று கேட்பார், சொல்லுவேன். சில நாள் நான் ஒரு பாட்டின் முதல் அடியைத் தொடங்கினால் அவர் மீதியை முடிப்பார். மறதி பாட்டைத் தொடவில்லை. ஒரு வியாழன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கல்யாணம். சொல்லாமல் போய்விட்டேன். ஆயாவுக்கு என் பெயரே நினைவில் இருக்காது, ஒரு வாரம் தெரியவா போகிறது என்று நினைத்தேன். மூன்று மணியிலிருந்து வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், ராச்சாப்பாட்டைத் தொடவில்லையாம். பெயரை மறந்தவருக்குக் கிழமை நினைவிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆகையால் தங்கச்சி, நீங்கள் தேட வேண்டிய இடம் இதுதான்: நீங்கள் வராத வாரம் “எங்கே அந்தப் பெண்ணைக் காணோம்?” என்று ஒருவராவது கேட்கிற இடம். போன ஜூலையில் நீங்கள் வண்ணம் அடித்த சுவர் அப்படிக் கேட்காது.

உங்கள் வீட்டிலிருந்து நடந்தோ ஒரே மினிபஸ் டாக்சியிலோ போகக்கூடிய தூரத்தில் எந்த முதியோர் இல்லம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு டாக்சி மாற வேண்டும் என்றால் மூன்றாம் மாதம் நின்றுவிடுவீர்கள், இது அனுபவத்தில் சொல்வது. டர்பன் வட்டாரத்தில் இல்லங்களுக்குக் குறைவில்லை. ஆர்யன் பெனவலண்ட் ஹோம் 1921லேயே தொடங்கியது. கோயில்களும் சபைகளும் நடத்துகிற சிறிய இல்லங்களும் உண்டு. நேரே போகாதீர்கள். போன் செய்து மேட்ரனையோ சமூக சேவகரையோ கேளுங்கள்: “தமிழ் மட்டும் பேசுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? எந்தக் கிழமை கை போதவில்லை?” ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று குடும்பங்கள் வரும். வாரநாளில் சாயங்காலச் சாப்பாட்டு நேரம் நல்லது. பத்துப் பேருக்கு ஒருவர் ஊட்டிக்கொண்டிருக்கிற நேரம் அது. நான் பார்த்த இடங்களிலெல்லாம் டிசம்பரில் தன்னார்வலர்கள் காணாமல் போவார்கள். அந்த மாதம் நீங்கள் போனால் உங்களை மறக்க மாட்டார்கள்.

வாரம் ஒரு மணி நேரம் என்று தொடங்குங்கள். மூன்று மணி நேரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு மணியாகக் குறைப்பதைவிட அது மேல். காந்தி டர்பனில் வக்கீல் தொழில் பார்த்த காலத்தில் டாக்டர் பூத் நடத்திய ஒரு சிறிய தரும ஆஸ்பத்திரியில் தினம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் மருந்து கலந்து கொடுத்தார். தொழிலை விடவில்லை, அதிலிருந்து அந்த நேரத்தை ஒதுக்கினார். அங்கே வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழர், தெலுங்கர், வட இந்தியர் என ஒப்பந்தக் கூலிகள் என்று அவரே எழுதியிருக்கிறார். நான் நர்ஸ் படிப்புப் படித்த நாளில் இதை என் அப்பா அடிக்கடி சொல்வார்.

இன்னும் ஒன்று. ஆயாக்களோடு படம் எடுத்துப் போடாதீர்கள். சரி என்று சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் முடியாத நிலையில் இருப்பவர்கள் அவர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்காசிரியர். பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரலாம் என்று போனேன். படிவம் 30 நிரப்பு, போலீஸ் சான்றிதழ் கொண்டுவா என்கிறார்கள். நாற்பது வருடம் வாத்தியாராக இருந்தவனைச் சந்தேகப்படுகிறார்களே!
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்தப் பள்ளிக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். பிள்ளைகளுக்குக் கேடு செய்தவர்களின் பெயர்கள் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன. பிள்ளைகளோடு பழகப் போகிறவரின் பெயர் அதில் இல்லை என்று பார்ப்பதற்குத்தான் படிவம் 30. 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் வந்தது அது. நல்லவர்கள் எல்லோரும் கோபப்படாமல் நிரப்பிக் கொடுத்தால்தான் கெட்டவன் ஒருவன் கோபப்பட்டுத் தப்பிக்க முடியாது. படிவம் கேட்காத இடத்துக்கு நீங்கள் போகாதீர்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நூலகத்துப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுக்கலாம்.

போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். 2021இல் நடந்த பிர்ல்ஸ் என்கிற பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், இந்த நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் படித்ததன் பொருளைப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் படித்தவர்கள் சற்றே மேல், மற்ற மொழிகளில் நிலை இன்னும் மோசம். எழுத்தைக் கூட்டி ஓசை எழுப்புகிறார்கள், கதை மனசுக்குள் போகவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்த வேண்டாம் ஐயா, கேட்டுக்கொண்டிருங்கள். இருபது நிமிடம், ஒரே ஒரு பிள்ளை, அவன் படிக்க நீங்கள் கேட்பது. திக்கினால் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். முடிந்ததும் “அப்புறம் அந்த முயல் என்ன நினைச்சிருக்கும்?” என்று கேளுங்கள். புத்தகம் இல்லையென்றால் நலிபாலி இயக்கம் இந்த நாட்டு மொழிகள் பலவற்றில் கதைகள் வெளியிடுகிறது. ஜூலுக் கதையை நீங்கள் தப்பும் தவறுமாகப் படித்தால் பிள்ளைகள் திருத்துவார்கள். அன்று அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: காலை ஆறு மணிக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. வாரா வாரமெல்லாம் என்னால் முடியாது. என்னைப் போன்றவன் என்ன செய்வது?
– ஓர் இளைஞர், ஃபீனிக்ஸ்

பதில்: ரத்தம் கொடு, தம்பி. 50 கிலோவுக்கு மேல் எடையும் நல்ல உடம்பும் இருந்தால் போய்ப் பார், மற்றதை அவர்களே கேட்டுச் சொல்வார்கள். 56 நாளைக்கு ஒரு தடவை கொடுக்கலாம், ஒரு தடவைக்கு 480 மில்லி. இந்த நாட்டில் ரத்தம் கொடுப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பிரசவ வார்டில் ரத்தப்பை வந்து சேரும் வரை ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இரவுகள் எனக்கு எண்ணிக்கையில் இல்லை. யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த தேதியை அங்கேயே கேட்டுப் போனில் குறித்துக்கொள்.

கேள்வி: அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் பெயரில் ஏழைகளுக்கு உணவளிக்கும் அமைப்பு ஒன்றைப் பதிவு செய்ய நினைக்கிறேன். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், டோங்காட்

பதில்: தம்பி, 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக வளர்ச்சித் துறையில் பதிவு செய்யலாம், கடினமில்லை. பதிவுக்குப் பிறகுதான் கடினம். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து ஒன்பது மாதத்துக்குள் வேலை அறிக்கையும் கணக்கும் கொடுக்க வேண்டும். கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் வருமான வரித்துறையில் வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி அனுமதி தனி. நல்ல மனசோடு தொடங்கிய அமைப்புகள் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தாளோடு போராடியதைப் பார்த்திருக்கிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்கள் டோங்காட்டில் குடிநீர் நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்போது முதல் நாளே சோறு வடித்தது யார், நினைத்துப் பாருங்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் பெண்கள், காவடிக்குச் சமைக்கும் ஆண்கள். அண்டா இருந்தது, அடுப்பு இருந்தது, யார் உப்புப் போடுவது என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அந்தச் சமையற்கட்டுக்குப் போய் என்ன குறை என்று கேளுங்கள். பெரிய டேக்சா ஒன்று வேண்டும் என்பார்கள், அல்லது காஸ் அடுப்பு. வாங்கிக் கொடுங்கள். டேக்சா விளிம்பில் அம்மா பெயரை வெட்டச் சொல்லுங்கள். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது பழைய வழக்கம்தானே. பிறகு மாதம் ஒரு ஞாயிறு போய், எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அந்த டேக்சாவை நீங்களே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வருடம் கழித்தும் தனி அமைப்பு வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள், படிவத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.