வாட்டர் பம்ப் மாற்றிய 18-ஆம் நாள் இன்ஜின் போனது: வாரண்டி கிடையாதா?

கேள்வி: இரண்டு வயதான பெட்ரோல் கார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாட்டர் பம்ப் மாற்றி 18 நாள்தான் ஆகிறது. சென்னை போகும் வழியில், விழுப்புரம் தாண்டி டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது, ஓரங்கட்டி நிறுத்தினேன். ஹெட் கேஸ்கட் (இன்ஜின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டதாம், 86,000 ரூபாயாம். "சூடான பிறகும் ஓட்டினீர்கள், வாரண்டி கிடையாது" என்கிறார்கள். அதே பயணத்தில் பஞ்சரான டயரும் வீண். இன்ஷூரன்ஸ் இரண்டுக்கும் கைவிரித்துவிட்டது. என்ன செய்வது? - வாசகர், திருச்சி

பதில்: வாரண்டியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். அதன் விதிகளை எழுதியவர்கள் அவர்கள். உங்கள் பிடி வேறு: பம்ப் மாற்றிய வேலை சரியாக நடக்கவில்லை என்பது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) இதைத்தான் 'சேவைக் குறைபாடு' என்கிறது.

ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் (அதைச் சுற்றவைப்பதுதான் வாட்டர் பம்ப்) எங்கே ஒழுகியது என்பதற்குச் சாட்சி இன்ஜினுக்குள்தான் இருக்கிறது. அது அவர்கள் கையில். எனவே இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: நான் இல்லாமல் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது, கழற்றிய பாகங்களைத் தூக்கிப்போடக் கூடாது, ஸ்கேனரில் ஃபால்ட் கோடை (காரின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு) அழிக்கக் கூடாது. அந்தக் குறியீடு பதிவான நொடியில் கூலன்ட் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பது 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பதிவில் இருக்கும். டேஷ்போர்டில் 'செக் இன்ஜின்' லைட் எரிந்த பிறகு ஓடிய கிலோமீட்டரும் பல கார்களில் தெரியும். பிரின்ட் கேளுங்கள். நீங்கள் உடனே நிறுத்தியது உண்மையானால் அந்தத் தாள் உங்கள் பக்கம் பேசும். பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் உங்களுக்கே எதிராகத் திரும்பும். உங்கள் வக்கீலிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பம்பைச் சுற்றியும் ஹோஸ் கிளாம்ப் (கூலன்ட் குழாயை இறுக்கும் வளையம்) அடியிலும் போட்டோ எடுங்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கறை படிந்திருக்கும். புது பம்ப் கேஸ்கட் ஓரத்தில் அந்தக் கறை இருந்தால் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. வெளி ஆட்டோமொபைல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துப்போய் அறிக்கை வாங்குங்கள். பம்ப் மாற்றிய ஜாப் கார்டு, பில், டோயிங் ரசீது எல்லாம் பத்திரம்.

கார் அவசரமாக வேண்டுமா? பணத்தைக் கட்டுங்கள், ஆனால் பில்லில் 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பிறகு 15 நாள் அவகாசம் தந்து வக்கீல் நோட்டீஸ். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் அனுப்புவது நல்லது. மசியாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊர் போதும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கட்டணத்துக்கு அடிப்படை நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, நீங்கள் கொடுத்த விலை. சர்வீஸ் பில் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே இல்லை. கெடு 2 ஆண்டு.

இன்ஷூரன்ஸ் மறுத்தது, வருத்தம்தான், ஆனால் சரியே. சாதாரண பாலிசியில் இயந்திரக் கோளாறு சேராது. கல் அடித்து ரேடியேட்டர் உடைந்தால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும். அதன் பிறகும் ஓட்டி இன்ஜின் போனால் அது உங்கள் பாடு. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தாலும் பெரும்பாலும் தண்ணீர் புகுந்ததற்கும் ஆயில் ஒழுகியதற்கும்தான்; வாசகத்தைப் படித்துப் பாருங்கள்.

டயர் விஷயமும் அப்படியே: விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பணம், அதுவும் 50 சதவீதம். தயாரிப்புக் குறை என்று நினைத்தால் டயர் கம்பெனியிடம்தான் போக வேண்டும். காற்றில்லாமல் ஓட்டியிருந்தால் பக்கச்சுவரின் உள்ளே வளையமாகத் தேய்ந்து ரப்பர் பொடி உதிர்ந்திருக்கும். அதைப் பார்த்ததுமே நிராகரித்துவிடுவார்கள். உங்கள் டயரில் அது இருந்தால் அந்தச் செலவை மறந்துவிட்டு, இன்ஜின் வழக்கைக் கவனியுங்கள்.