பிப்ரவரி 1731 குழப்பம்

வணக்கம். இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டக் கிராமத் தேவாலயப் பதிவேட்டில் தங்கள் மூதாதையரின் பெற்றோருக்கு மே 1731இல் திருமணம், அவருக்கோ பிப்ரவரி 1731இலேயே ஞானஸ்நானம் என்றிருப்பதால் வேறு குடும்பமோ என ஐயுற்றிருக்கிறீர்கள். ஐயம் தேவையில்லை. இங்கிலாந்தில் 1752க்கு முன்பு ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது என்பதால், அந்தப் பிப்ரவரி மே மாதத்திற்குப் பின் வருவது. இன்றைய கணக்கில் அது 1732. குழந்தை மணமான ஒன்பதாம் மாதத்தில் வந்திருக்கிறது, ஊர் வாய்க்கு வேலையில்லை!

பக்கத்தின் மேலும் கீழும் உள்ள பதிவுகளைப் பாருங்கள்: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி எல்லாம் ஒரே ஆண்டெண்ணின் கீழ் தொடர்ந்து, மார்ச் இறுதியில்தான் எண் மாறும். சில குருமார்கள் இரு கணக்கையும் சேர்த்து "1731/2" என்றே எழுதினார்கள். மை மங்கியிருந்தால், திருச்சபை மேலதிகாரிகளுக்கு ஆண்டுதோறும் அனுப்பப்பட்ட பதிவேட்டுப் படிகளை நார்விச்சிலுள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேட்டு ஒப்பிடலாம்.