கேமும் கார்ட்டூனும் சட்டசபையும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கமுங்க. குமாரபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். சொந்தமாகக் கொஞ்சம் விசைத்தறி ஓட்டுகிறோம். ஒரே பையன், பிளஸ் ஒன் படிக்கிறான். வீட்டில் இப்போது தினமும் ஒரு பஞ்சாயத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம், இல்லாவிட்டால் மைன்கிராஃப்ட். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜப்பான்காரன் கார்ட்டூன். பன்னிரண்டாவது முடித்ததும் அனிமேஷன் படிக்கிறேன் என்கிறான். "பொம்மைப் படம் போட்டு எவன் சோறு தின்றான்?" என்கிறார் அவன் அப்பா.

என் மாமனார், கவர்மென்டே கேமையெல்லாம் தடை பண்ணிவிட்டது, உன் போனில் மட்டும் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அவரே போன வருஷம் நரசிம்மர் படத்துக்குத் தியேட்டருக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தவர். "அதுவும் பொம்மைப் படம்தானே, அப்பாரு?" என்று பையன் கேட்டதற்கு, அது சாமி படம் என்று சொல்லிவிட்டார். சட்டசபை நடக்கும் நாட்களில் காலையில் டிவி அவர் கையில். "அங்கே இருக்கிறவங்களுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்? கட்சி சொன்னால் கை தூக்குவாங்க, அவ்வளவுதான்" என்கிறான் பையன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் முன்பு ராத்திரியில் போனில் ரம்மி ஆடுவார். கொஞ்சம் பணம் போயிருக்கிறது. இப்போது அது இல்லை. கேம், கார்ட்டூன், சட்டசபை, இந்த மூன்றைப் பற்றியும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பையனை அந்தப் படிப்பில் விடலாமுங்களா?

க., குமாரபாளையம்

*

அன்புள்ள அம்மணி,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ரம்மி, அதில் இருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் மாமனார் சொல்லும் தடை அதற்கு வந்த தடை. பையனுடைய கேமுக்கு வந்ததல்ல.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களைத்தான் தடை செய்தது. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் தண்டனை உண்டு. ஆடியவருக்குத் தண்டனை இல்லை. பந்தயம் இல்லாத கேம்களை அதே சட்டம் ஆதரிக்கிறது. போட்டியாக ஆடும் ஈ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு என்றே ஏற்றுக்கொள்கிறது. ஆக, உங்கள் வீட்டில் சட்டத்துக்குச் சம்பந்தப்பட்ட போன் ஒன்று இருந்தது உண்மைதான். அது பையனுடைய போன் இல்லை.

இந்த இடத்துக்கு வந்து சேர நம் நாட்டுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதை மாமனாருக்குச் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். சென்னை மாகாணத்தின் சூதாட்டச் சட்டம் 1930-ல் வந்தது. அப்போது முதல் மந்திரியாக இருந்தவர் உங்களுக்குப் பக்கத்துக் குமாரமங்கலத்து டாக்டர் சுப்பராயன். (வெள்ளைக்காரனும் நம் மந்திரிகளும் இலாகாக்களைப் பங்கு போட்டுக்கொண்ட இரட்டையாட்சிக் காலம், போலீஸ் இலாகா அவர் கையில் கிடையாது, பெருமையையும் பழியையும் அவர்மேல் ஏற்ற வேண்டாம்.) வெறும் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுத்தது. வம்பெல்லாம் அந்த விலக்கில்தான். ரம்மி பெரும்பாலும் திறமை என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று 1996-ல், அதுவும் தமிழ்நாட்டு வழக்கிலேயே சொன்னது. திறமை என்று சான்றிதழ் கிடைத்துவிட்டதால், ரம்மி கிளப்பில் இருந்து போனுக்கு வந்தபோது யாராலும் அதைத் தொட முடியவில்லை. தமிழ்நாடு 2021-ல் போட்ட தடைச் சட்டத்தை அதே வருஷம் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 அக்டோபரில் சட்டசபை மறுபடியும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் சபை இரண்டாம் தடவை நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் ரம்மியையும் போக்கர் என்ற சீட்டாட்டத்தையும் தடைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. 2025-ல் மாநில அரசு, நள்ளிரவு 12 மணியில் இருந்து விடியற்காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று விதி போட்டது. உங்கள் வீட்டுக்காரர் ஆடிய நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

மத்தியச் சட்டம் வந்து, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்தால் தடை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடுதான். இரவில் தனியாகப் போனைப் பார்த்துக்கொண்டு சம்பளப் பணத்தை விடுகிறவனிடம் போய் இது திறமை ஆட்டம் என்று விளக்குவதில் அர்த்தமில்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அது நிறைவேறிய விதம் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 20 அன்று லோக்சபாவில் தாக்கல், கூச்சலுக்கு நடுவே சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பு, முடிந்தது. மறுநாள் ராஜ்யசபா, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். நல்ல சட்டம்தானே, பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். பேசியிருந்தால் யாராவது ஒரு உறுப்பினர் எழுந்து, கேமுக்குள் காசு கொடுத்து வாங்குகிற பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருப்பார். பிஜிஎம்ஐ-யில் யுசி என்கிற கேம் காசு வாங்கி, கிரேட் என்கிற பெட்டியைத் திறப்பது உங்கள் பையனுக்குத் தெரியும். உள்ளே என்ன வரும் என்று திறக்கும் வரை தெரியாது. பணமாகத் திரும்பி வராததால் இது சூதாட்டத்தில் சேராது என்பது நம் ஊர் நிலை. பெல்ஜியத்தில் 2018-லேயே இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பையன் எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்று பார்ப்பதை விட, ஜிபே கணக்கில் இதற்கு என்ன போயிருக்கிறது என்று பாருங்கள்.

சட்டசபைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறானே, அதற்கு அவன் பாஷையிலேயே பதில் இருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி ஒரே நாளில் தடையானது ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். தூக்கிய 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அப்புறம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் அதுவும் காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. இதற்காக எந்தச் சபையிலும் புதிதாக ஓட்டெடுப்பு நடக்கவில்லை. அரசு செயலிகளை முடக்க வழி தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் ஒரு உத்தரவு, அவ்வளவுதான். அந்தப் பிரிவு 2008 டிசம்பரில் சேர்த்தது. அன்றும் லோக்சபாவில் இதே கூச்சல், இதே விவாதமின்மை. உங்கள் பையன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான். அவன் பிறப்பதற்கு முன்பு யாரோ பேசாமல் கை தூக்கியதால், பத்துப் பதினொரு வயதில் அவன் கேம் போனது. சம்பந்தம் இல்லை என்றால் எப்படி?

கட்சி சொன்னால் கை தூக்குவார்கள் என்பதில் அவன் சொல்வது பாதி சரி. ஏன் தூக்குகிறார்கள் என்பதை அவன் கேட்கவில்லை. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, இப்படி ஓட்டுப் போடு என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். கட்சி விட்டுக் கட்சி தாவுகிற ஆயாராம் கயாராம் கூத்தை நிறுத்தத்தான் இந்தச் சட்டம். மூன்றில் ஒரு பங்குப் பேர் சேர்ந்து பிரிந்தால் தப்பு இல்லை என்று முதலில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். எல்லோரும் அந்தச் சந்தில் நுழைந்ததும் 2003-ல் அதை அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து வேறு கட்சியில் இணைகிற வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அதற்கும் ஆள் சேராதபோது, ராஜினாமா செய்துவிட்டு இடைத்தேர்தலில் வேறு சின்னத்தில் நிற்கிற உத்தி வந்தது. கர்நாடகத்தில் 2019-ல் ஆட்சியே மாறியது. நம் பக்கத்தில் 2017-ஐ மாமனார் விளக்குவார். எடப்பாடிக்காரர் முதல்வர், அவிநாசி எம்எல்ஏ சபாநாயகர், முதல்வரை எதிர்த்த 18 எம்எல்ஏக்கள் தகுதிநீக்கம், நீதிமன்றத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து, கடைசியில் சபாநாயகர் செய்தது செல்லும் என்று தீர்ப்பு. கொங்குக்காரர்களே இரண்டு பக்கமும் நின்று ஆடிய ஆட்டம்.

விதியில் ஓட்டை கண்டுபிடிக்கிறவர்கள், அதை அடைக்கிறவர்கள், அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் புது ஓட்டை தேடுகிறவர்கள். கேம் ஆடுகிற பையனுக்கு இது புரியாமல் போகாது. ஒவ்வொரு அப்டேட்டிலும் எந்தத் துப்பாக்கியின் பலத்தைக் குறைத்தார்கள் என்று நண்பர்களோடு மணிக்கணக்கில் சண்டை போடுகிற தலைமுறை இது. அவனுக்கு மொடக்குறிச்சிக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் இருந்து ஆற்றைத் தாண்டினால் ஈரோடு, அந்த ஜில்லாவில்தான் நடந்தது.

1996 சட்டசபைத் தேர்தல். எங்கள் கோரிக்கையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். டெபாசிட் வெறும் 250 ரூபாய். களத்தில் 1033 வேட்பாளர்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது. தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். ஜெயித்தது என்னவோ திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன்தான். ஒரு ஓட்டுகூட வாங்காதவர்களும் இருந்தார்கள். ஆனால் யாரும் கேட்காத பேச்சை நாடு முழுக்கப் பத்திரிகையில் போட வைத்துவிட்டார்கள். அரசாங்கம் என்ன செய்தது? அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5000 ஆக்கியது, அங்கீகாரம் பெற்ற கட்சியின் ஆளாக இல்லாவிட்டால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றது. இன்று டெபாசிட் 10,000. ஓட்டையை அடைத்தார்கள், கோரிக்கையைக் கவனிக்கவில்லை. எனக்கு இன்றும் ஆற்றாமைதான். அந்தத் தொகுதியிலேயே 2021-ல் 281 ஓட்டில் முடிவு மாறியது என்பதையும் பையனிடம் சொல்லுங்கள். அவன் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஓட்டர் லிஸ்ட்டில் பெயர் சேர்க்க வேண்டியவன்.

கார்ட்டூன் விஷயம் இவ்வளவு பெரிய வழக்கே இல்லை. மாமனார் கும்பிட்ட 'மகாவதார் நரசிம்மா' முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த அனிமேஷன் படம். அதைப் பார்த்து அவருக்குப் பக்தி வந்தது என்றால் அனிமேஷன் தன் வேலையைச் செய்துவிட்டது. பொம்மைப் படம், சாமி படம் என்ற பிரிவினையை அவரே வைத்துக்கொள்ளட்டும், சண்டை வேண்டாம். ஜப்பானில் ஜிப்லி ஸ்டுடியோ 1988-ல் ஒரே நாளில் இரண்டு படத்தைச் சேர்த்து வெளியிட்டது. ஒன்றில் கிராமத்துக்குக் குடிவந்த இரண்டு குழந்தைகளும் ஒரு காட்டுப் பிராணியும், 'மை நெய்பர் டோட்டோரோ'. இன்னொன்று 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்', போர்க் காலத்தில் அண்ணனும் தங்கையும் பசியில் சாகிற கதை. முதல் படம் எந்த வயதுப் பிள்ளைக்கும் போட்டுக் காட்டலாம். இரண்டாவதை நீங்கள் தனியாகப் பார்க்காதீர்கள், மனது கனத்துவிடும். ஆக "கார்ட்டூன் பார்க்கிறான்" என்பது ஒரு தகவலே இல்லை. எந்தப் படம் என்று கேளுங்கள், ஒன்றிரண்டு தடவை கூட உட்காருங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர் கேள்வி, எவன் சோறு தின்றான் என்பது. திருச்செங்கோட்டில் ஜவுளிக் குடும்பத்தில் பிறந்து, நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய்த் திரும்பி வந்தவர் டி.ஆர். சுந்தரம். அவர் சேலத்தில் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேல் படம் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், 1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', அங்கே எடுத்ததுதான். கோயமுத்தூர் சிங்காநல்லூரிலும் ஸ்டுடியோ இருந்தது. நூல் விற்ற காசில் படம் எடுப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. எல்லோரும் சுந்தரம் ஆகிவிட மாட்டார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார். சரிதான். தறி போட்ட எல்லோரும் மில் முதலாளி ஆகிவிட்டார்களா?

படிப்பில் விடலாமா என்று கேட்டீர்கள். லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்கிற இடத்தில் இப்போதே போய்ப் பணம் கட்டாதீர்கள். பிளெண்டர் என்று அனிமேஷன் செய்கிற ஒரு மென்பொருள், முழுக்க இலவசம். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' படத்தை அதில்தான் செய்தார்கள். இயக்கியவர் லாட்வியா என்ற நாட்டுக்காரர். அந்த நாட்டின் ஜனத்தொகை நம் கோயமுத்தூர் ஜில்லாவை விடக் குறைவு. முழுப் பரீட்சை லீவில் ஒரு நிமிஷப் படம் ஒன்றை அதில் முடிக்கச் சொல்லுங்கள். தறி ஓடுகிற மாதிரி ஒரு காட்சி போதும். நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருவதை ஒழுங்காகக் காட்டுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். முடித்தான் என்றால் நல்ல கல்லூரியாகப் பார்த்துச் சேர்க்கலாம், பொதுவாகப் படிக்கிற டிகிரியோடு சேர்த்தே. பாதியில் விட்டான் என்றால் அவனுக்கே தெரிந்துவிடும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் வாங்குவதானால் கிராஃபிக்ஸ் கார்டு நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், பிளெண்டருக்கு அது வேண்டும். அதில் கேமும் பிரமாதமாக ஓடும் என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அன்புடன்