சக்கர் மீன் வேண்டாம், டைமர் வாங்குங்கள்

கேள்வி: 2 அடி மீன்தொட்டி வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. 6 கோல்டு ஃபிஷ் விட்டிருக்கிறோம். ஹாலில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. காலையில் போட்ட விளக்கைப் படுக்கப் போகும்போதுதான் அணைப்போம். கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. பாசி மருந்து ஒரு பாட்டிலும் சக்கர் மீன் இரண்டும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்? எங்கள் போர் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணமா?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: முதலில் ஃபுளோரைடை விடுதலை செய்துவிடுவோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் அந்தத் தொல்லை உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் பாசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயந்துபோய் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றாதீர்கள். கோல்டு ஃபிஷுக்குக் கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். வயல் பக்கத்து போர் என்றால் உரத்தின் நைட்ரேட் கலந்திருக்கலாம். அது பாசிக்குத் தீனி. டெஸ்ட் ஸ்டிரிப் வாங்கிப் பார்த்துவிடலாம்.

பாசிக்கு வேண்டியது வெளிச்சமும் சத்தும். உங்கள் வீட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலே சுமார் 56 லிட்டர்தான். அதில் 6 கோல்டு ஃபிஷ் என்பது கூட்டம். கழிவு அதிகம் போடும் மீன் அது. இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கடையில் சொல்கிறார்கள்!

சக்கர் மீன் விரல் நீளத்தில் கிடைக்கும், ஓர் அடியைத் தாண்டி வளரும். பாசியைத் தின்னும்தான், ஆனால் அதுவும் கழிவு போடும். சமயத்தில் கோல்டு ஃபிஷின் மேல்தோல் வழுவழுப்பையும் உறிஞ்சும். பெரிதானதும் கே.ஆர்.பி. அணையிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பல நீர்நிலைகளில் அது பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மருந்து அடித்தால் பாசி சாகும், காரணம் சாகாது. செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். காப்பர் கலந்த மருந்து என்றால் நத்தையும் இறாலும் பிழைக்காது. லேபிளில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் வாங்க வேண்டியது விளக்குக்கு ஒரு பிளக் டைமரும் கண்ணாடி தேய்க்க ஒரு காந்த ஸ்கிரேப்பரும். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கு போதும். தொட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். தண்ணீரை இறைத்துவிட்டு நகர்த்துங்கள், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும். 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி. வாரம் ஒருமுறை 30 சதவீதத் தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் விட்ட பிறகு ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. நாலு மீனையாவது பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: எனக்குக் கண்ணாடி சுத்தம்தான், தண்ணீரே பச்சையாக இருக்கிறது. யூ.வி. விளக்கு வாங்கலாமா?
- வாசகர், தர்மபுரி

பதில்: உங்களுக்கு அது வேலை செய்யும். தண்ணீரில் மிதக்கும் பாசி விளக்கைக் கடந்து போகும்போது சாகும்; கண்ணாடியில் ஒட்டியதை அது ஒன்றும் செய்யாது. ஆனால் செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, தொட்டியைக் கெட்டித் துணியால் மூடி 3 நாள் இருட்டில் வையுங்கள். தீனி வேண்டாம், ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும். திறந்ததும் மறுபடி தண்ணீர் மாற்றுங்கள். அப்படியும் பச்சை திரும்பினால் யூ.வி. வாங்கலாம். அதன் பல்பு ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. தனி பல்பு உள்ளூரில் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பில்லும் வாங்குங்கள்.