வீட்டுக் கிணறும் கோடையும்: கேள்வி பதில்

பல்லடம்: அரை மணி நேரம் மோட்டார் ஓடினாலே கிணறு வற்றுதுங்க. ஆழப்படுத்தலாமா?

முதலில் ஊற்றை அளந்து பாருங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை விட்டால், நனைந்த நீளம்தான் தண்ணீரின் ஆழம். மோட்டாரை நிறுத்தியதும் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. பத்தடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி ஏறினால் ஏறக்குறைய 2,200 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாள் தாங்கும். அப்படி ஏறினால் கிணற்றில் குறையில்லை, ஒரே மூச்சில் இறைப்பதுதான் குறை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஃபுட்வால்வுக்கு (உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் உள்ள வால்வு) மேல் மூன்றடித் தண்ணீராவது நிற்கட்டும்.

காங்கேயம்: தூர்வார நானே இறங்கலாமா? விளக்கு அணையாவிட்டால் சரிதானே?

இறங்காதீர்கள். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் விளக்கு அணையும். விஷவாயு இருந்தால் அணையாமலும் எரியும். பழகிய ஆட்களை வையுங்கள்.

தாராபுரம்: கிணற்றின் அடியில் போர் போட்டால்?

எங்கள் மாமனார் தோட்டத்தில் போட்டோம். முழங்காலளவு கிடந்த தண்ணீர் அன்று மாலையே குழிக்குள் இறங்கிவிட்டது. நம் பக்கம் மேலே உளுத்த பாறை (சிதைந்து இளகிய பாறை), கீழே கெட்டிப் பாறை. உளுத்த பாறையில்தான் தண்ணீர் தங்கும். கீழே காய்ந்த வெடிப்பில் போர் பட்டால் மேலே இருப்பதும் போய்விடும்.

தாராபுரம்: எங்கள் பக்கத்து வீட்டில் 300 அடியில் வந்ததுங்களே!

வந்தவர்தானுங்க சொல்லுவார். வராதவர் வாயைத் திறக்க மாட்டார்.

அவினாசி: அண்ணா, சைடு போர்?

அது பரவாயில்லை. பக்கவாட்டில் போவதால் அடியில் ஓட்டை விழாது. ஆனால் எந்தப் பக்கம் வெடிப்பு இருக்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

தாராபுரம்: தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கலாமே?

தேங்காயைச் சட்னிக்கு வையுங்கள்.

ஈரோடு: மாடித் தண்ணீரைக் கிணற்றில் விடலாமா?

தாராளமாக. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டர் வரை வரும். முதல் மழையை வெளியே விட்டு, பிறகு ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாக விடுங்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய் இருந்தால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கரூர்: தண்ணீரில் நாற்றம் வருகிறது. செப்டிக் டேங்க் பக்கத்தில்தான் இருக்கிறது.

குடிக்காதீர்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

உடுமலை: அரை மணியில் வற்றுகிறதே, ஆழப்படுத்தலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பொள்ளாச்சி: டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி இறைத்தால் சீக்கிரம் தூர் வாரலாமல்லவா?

வேண்டவே வேண்டாம். அந்தப் புகை உள்ளேயே தங்கும். இன்ஜின் மேலேயே இருக்கட்டும்.