பேத்தி செய்த மயில் விரட்டி

கேள்வி: சேதுக்கரை பக்கம் முண்டு மிளகாய் போட்டிருக்கிறோம். மயில் தொல்லை தாங்கவில்லை. ஆறாவது படிக்கும் என் பேத்தி பனை ஓலைக் காற்றாடியைப் பெரிதாகச் செய்து, பின்னால் நட்டைக் கட்டி, அது பால்பவுடர் டப்பாவில் அடிக்கிற மாதிரி கம்பில் மாட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பூரித்துப்போனேன். ஆனால் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அச்சாக வைத்த முள் ஒடிந்து, ஓலையும் கிழிந்துவிட்டது. நிலைத்து நிற்க என்ன செய்யலாம்? பள்ளிக்கூடம் மூலமாக எங்காவது அனுப்ப முடியுமா?

பதில்: பெருமைப்பட வேண்டிய வேலைதான், ஐயா. காற்றையே காவலுக்கு வைத்திருக்கிறாள். அந்த அமைப்பை மாற்ற வேண்டாம், பாகங்களை மட்டும் மாற்றுங்கள்.

விளையாட்டுக் காற்றாடிக்கு முள் போதும். நட்டின் கனமும் சேர்ந்தால் தாங்காது. பழைய சைக்கிள் ஸ்போக்கை அச்சாக்குங்கள், துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் நல்லது. சாதா இரும்பு உங்கள் ஊர் உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறி இறுகிவிடும். ஸ்போக் தாராளமாகச் சுழலும் அளவில் நான்கு விரல் நீளப் பிளாஸ்டிக் குழாயை, கம்பின் மேல் படுக்கவைக்கும் குறுக்குக் கட்டையின் ஒரு முனையில் கட்டி, அதற்குள் ஸ்போக்கை விடுங்கள். விசிறிக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு பாசிமணி கோக்க மறக்கக்கூடாது. மணி இல்லாவிட்டால் காற்று விசிறியைப் பின்னால் தள்ளும், அது குழாயில் உரசி நின்றுவிடும்.

ஓலை காயக் காயச் சுருண்டு கிழியும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலத்தில் நான்கு துண்டு வெட்டி, சிறிய ஒட்டுப்பலகை வட்டத்தில் திருகி, எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிடுங்கள். வெட்டும் வேலை உங்களுடையது. அளவு குறிப்பதும் பொருத்துவதும் அவளுடையது. ஸ்போக்கின் முன்முனையை ஓர் அங்குலம் மடக்கிப் பலகையோடு கம்பியால் இறுகக் கட்டினால், விசிறியும் அச்சும் சேர்ந்து சுற்றும், கூர்முனை கண்ணில் குத்தும் அபாயமும் இராது.

பின்முனையில் சின்னக் குறுக்குக் குச்சி கட்டி, அதன் இரு ஓரத்திலும் ஒரே எடையுள்ள சிறு நட்டுகளைத் தொங்கவிடுங்கள். ஒற்றை நட்டு என்றால் கனம் ஒரு பக்கமாக இழுத்துக் கம்பே ஆட்டம் கண்டுவிடும். நூலில் கட்டினால் அச்சில் சுற்றிக்கொள்ளும். மீன்பிடிக்கிற தடித்த தங்கூஸ் விறைப்பாக நிற்கும், இரண்டு விரற்கடை நீளம் போதும். டப்பாவை அதே குறுக்குக் கட்டையில், நட்டு உரசிப் போகும் தூரத்தில் வையுங்கள். நெருங்கினால் விசிறி சிக்கிக்கொள்ளும்.

மார்கழியில் வாடை அடிக்கும், பங்குனியில் பழம் பறிக்கும்போது காற்று திசை மாறியிருக்கும். அதனால் குறுக்குக் கட்டையின் மறுமுனையில் ஒரு சாண் அகலத் தகரத்தை வாலாக அடித்து, கட்டை சமமாக நிற்கும் இடத்தில் துளையிட்டு, வாஷர் போட்ட ஆணியில் தளர்வாக மாட்டுங்கள். தானே காற்றைப் பார்த்துத் திரும்பும். ஆறடி சீமைக்கருவேலக் கம்பை ஒன்றரை அடி ஆழம் நட்டால் போதும். வேலிக்கு ஒட்டி வேண்டாம், காற்று தடைபடும்.

மயில் புத்தியுள்ள பறவை. ஒரே இடத்தில் ஒரே சத்தம் கேட்டால் பழகிவிடும். நாற்று நட்ட நாளிலிருந்தே ஓட்டாமல், பழம் சிவக்கத் தொடங்கும்போது வையுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மயில் மேயும் விடியற்காலையில் பல நாள் காற்றே இருக்காது. அந்த நேரத்துக்கு ஆள் நடமாட்டம்தான் வேண்டும். மிளகாய்ச் சாறு தெளிப்பது வீண், பறவைகளுக்குக் காரம் உறைக்காது. விஷம், கண்ணி பக்கம் போகவே கூடாது. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின், உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளது.

போட்டிக்கு அனுப்ப வழி இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் சேரலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்கில் வரும். படமும் விளக்கமும் அவள் கையாலேயே இருக்கட்டும். எது ஒடிந்தது, ஏன் மாற்றினாள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் பதிவது பள்ளியின் வேலை. ஒரு பள்ளி 5 யோசனைகள்வரைதான் அனுப்ப முடியும் என்பதால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.